மூன்று லட்சம் கோடிப் பிரதிகள்

தங்கை துப்பிக் கொடுத்த எச்சில் இரண்டு மில்லி இருந்தது. அதில் அப்பா எழுதிய கடிதம் எப்படியும் சில லட்சம் பிரதிகள் இருக்கும். நிமலனுக்கு அப்பா எழுதிய கடிதம் ஒன்றுகூடக் கிடையாது.

குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். 'பிரகதி, 29, ஏழாம் மாதம்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. பீளமேட்டில் இருக்கும் அந்த வாசிப்பகத்தில் அவன் பதினேழு வருடங்களாக வேலை பார்க்கிறான். யார் யாரோ அப்பாக்கள் யார் யாரோ பிள்ளைகளுக்கு எழுதியதை ஆயிரக்கணக்கில் படித்து, பிழை பார்த்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறான். தன் வீட்டுக் குழாய் கைக்கு வருவது இதுதான் முதல்முறை.

சோதனைக் குழாயில் கரு ஒற்றைச் செல்லாக இருக்கும்போதே அதன் டி.என்.ஏ.வில், உடம்பு எதற்கும் பயன்படுத்தாத ஓர் ஓரத்தில், பெற்றவர்கள் ஒரு கடிதம் எழுதி வைக்கலாம் என்று ஆகி முப்பது வருடங்களாகின்றன. உயிர்வரி என்று பெயர் வைத்தார்கள். செல் இரண்டாகும்போது கடிதமும் இரண்டாகும். குழந்தை வளர்ந்து ஆளாகும்போது முடியின் வேர் முதல் உள்ளங்கால் வரை அந்தக் கடிதம் இருக்கும். ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தைக்கு இதைச் செய்ய முடியாது. நிமலன் அப்போது பத்து வயதுப் பையன். பிறந்து தொலைத்துவிட்டவன்.

அப்பா தனபால் கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். பிரகதிக்கு எட்டு மாதமானபோது அன்னூர் சாலையில் ஒரு லாரி அவரைக் கொண்டுபோனது. அவர் விட்டுப்போன எழுத்து என்று வேறொன்றும் இல்லை. பட்டறை நோட்டில்கூட எல்லாம் படம்தான், எழுத்து இல்லை. ஆக, அவர் உட்கார்ந்து எழுதியது எல்லாமே அவளுக்குள் இருந்தது.

பதினான்கு வயதில், தங்கைக்கு வெட்டிப் போட்ட நகத்துண்டு ஒன்றைக் காகிதத்தில் மடித்துப் பள்ளிக்கு எடுத்துப்போய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறான். மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அறிவியல் ஆசிரியர் சிரித்து, "எழுத்து தெரியுமுன்னு பாத்தியாடா?" என்று கேட்டார். அவள் தலை சீவி எறிந்த முடிச்சுருளைக் குப்பையில் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஒருத்திக்கு அப்பா இவ்வளவு கிடைத்து, அதைச் சீவி வேறு எறிகிறாள்.

பதிலுக்கு அவனும் ஒன்று செய்தான். அப்பாவைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சின்ன வயதில் அவள் வந்து, "அப்பா எப்படிண்ணா இருப்பாரு?" என்று கேட்டால், "போட்டோல இருக்காரே, பாரு" என்பான். பதினோரு வருட அப்பாவைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொண்டான். அம்மா சுகந்தி எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் அழுதுவிடுவாள் என்பதால் பூட்டு பத்திரமாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமைதான் சரவணம்பட்டிக்குப் போய் எச்சில் வாங்கி வந்தான். தங்கை வீட்டில் அம்மாவும் மாப்பிள்ளை சஞ்சீவும் கூடத்தில் வளைகாப்புக்கான வளையல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா இப்போது இருப்பதும் தங்கையிடம்தான்.

"வாங்க மச்சான்," என்றான் சஞ்சீவ். மென்பொருள்காரன், எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டான். "ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய கடிதம் கண்ணுக்குத் தெரியாத இடத்துல எப்படி நிக்குது?"

நிமலன் தாம்பாளத்திலிருந்து வளையல்களை எடுத்தான். "டி.என்.ஏ.ங்கிறது முறுக்கின ஏணி மாப்ள. ரெண்டு பக்கக் கட்டை, நடுவுல படி. கட்டையில ஒரு சேதியும் இல்ல, அது சும்மா தாங்குறதுக்கு. சேதி எல்லாம் படியோட வரிசையில. நாலே எழுத்துதான். ஏ, டி, ஜி, சி." பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தங்கையின் கையில் வரிசையாகப் போட்டான். "இதே வளையல மாத்திப் போட்டா வேற சேதி. இவ்வளவுதான். முந்நூறு கோடிப் படி இருக்கு. நாலு எழுத்த வெச்சு கண்ணு காது மூக்கையே எழுதலாம்னா, கடிதாசி எழுத முடியாதா?"

"அப்ப ரெண்டு கட்டை எதுக்கு? ஒண்ணு போதுமே?"

"அங்கதான் இருக்கு சூட்சுமம். ஏ-க்கு எதிர்ல டி மட்டும்தான் உக்காரும். ஜி-க்கு எதிர்ல சி. ஒரு பாதிய மட்டும் குடுத்தாப் போதும், மறுபாதி தானா வந்துரும். செல் ரெண்டாகும்போது ஏணி நடுவால பிரியும், ஒவ்வொரு பாதியும் தனக்கு ஜோடிய சேத்துக்கும். ஒண்ணு ரெண்டாச்சு. பிழை கோடியில ஒண்ணுகூட வராது."

"உடம்பு பூரா எத்தனை காப்பி இருக்கும்?"

"ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவ விட்டுட்டா, மூணு லட்சம் கோடி."

பிரகதி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மூணு லட்சம் கோடி அப்பா," என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நிமலனுக்குச் சுருக்கென்றது.

"பத்து நாள் பட்டறையப் பூட்டிட்டு உக்காந்தாருடா உங்கப்பா," என்று அம்மா தொடங்கினாள். "எழுதறதும் கிழிக்கறதுமா. இவளுக்குன்னு. உன்னைய ஸ்கூல்ல சேக்கறதுக்கு ஃபாரத்துல கையெழுத்துப் போடவே நாலு தடவ சொல்லணும். இவளுக்குப் பத்து நாள்!" பெருமை தாங்காமல் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "புள்ளைக்கும் வருமாடா இது?"

"பாதிக்குப் பாதிம்மா. வந்தாலும் வரும், வராட்டியும் போகும்."

"நீங்கதான் படிக்கணும்ணா," என்றாள் பிரகதி. பிறக்கப்போகும் குழந்தையின் தாய்மாமன் எழுந்து நின்று, வளைகாப்புச் சபையில் உயிர்வரியை வாசிக்க வேண்டும். அதற்கு முன் திறப்பது ஆகாது. எந்தச் சாத்திரத்திலும் இல்லாத இந்த வழக்கம் பத்தே வருடத்தில் சாத்திரமாகிவிட்டது. "நல்லா சத்தமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

"படிக்கறேன்," என்றான் நிமலன். தனக்கு எழுதாத கடிதத்தைத் தானே நின்று வாசிக்க வேண்டும். இதைவிடப் பொருத்தமாக யாராலும் அவனைத் தண்டித்திருக்க முடியாது.

இப்போது குழாய் இயந்திரத்துக்குள் போய், எழுத்துகள் திரையில் வந்து நின்றன. அவற்றை மொழிமாற்றும் கட்டளையைக் கொடுத்தான். 'ஙூ டௌ ஞெழ ணீஃப' என்று வந்தது. மறுபடி கொடுத்தான். அதுவே வந்தது.

பக்கத்து மேசையில் இருந்த ரெஜினா நாற்காலியோடு உருண்டு வந்தார். அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், ஓய்வு பெற இரண்டு மாதம்தான் இருக்கிறது. திரையைப் பார்த்துவிட்டுத் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

"எந்தப் பாதியிலப்பா படிக்கற? ஏணியோட ரெண்டு பாதியும் ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசையில ஓடுதுன்னு புதுசா சேர்ற புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறதே நீதான். எதிர்ப்பாதிய எடுத்து வெச்சிட்டு முழிக்கற. என்ன ஆச்சு?"

"எங்க வீட்டுதுக்கா."

"அதான பாத்தேன். வீட்டு ஆள் வாசிக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நான் எதையும் பாக்கல." ஆனால் நகரவில்லை.

பாதியை மாற்றினான். இம்முறை தமிழ் வந்தது.

'அன்புள்ள (குழந்தையின் பெயர்), நீ எங்கள் வாழ்வின் ஒளி. நன்றாகப் படி. பெரியோரை மதி. உடல்நலம் பேணு. எங்கள் ஆசி என்றும் உனக்கு உண்டு. இப்படிக்கு, உன் அன்புள்ள தந்தை / தாய் (பொருந்தாததை அடிக்கவும்).'

நிமலன் இரண்டு முறை படித்தான். மூன்றாவது முறை படிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. தும்மல் மாதிரி வெடித்தது.

"அந்தக் கருத்தரிப்பு மையத்துல எழுதினதா?" என்றார் ரெஜினா. "இந்த வருஷத்துல இது எனக்கு மூணாவது. குறிச்ச தேதிக்குள்ள கடிதாசி வந்து சேரலைன்னா, படிவத்துல இருந்த மாதிரிய அப்படியே எழுதிவிட்டுருவாங்க. கரு காத்திருக்காது இல்ல. அப்புறம் மையத்தையே மூடிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப எங்கப்பா அனுப்பவே இல்ல."

"அனுப்பினாரோ, அங்க தொலைச்சாங்களோ, எழுதி முடிக்கவே இல்லையோ. ஏணிக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. மகாகாவியமா, மாதிரிப் படிவமான்னு அது பாக்காது. குடுத்ததக் காப்பி எடுக்கும். அவ்வளவுதான்."

மூன்று லட்சம் கோடி தடவை 'பொருந்தாததை அடிக்கவும்'. இருபத்தொன்பது வருடம் இதற்காகவா எரிந்தான்? மத்தியானம் உணவகத்தில் அவன் வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக் குடித்தான். சபையில் எழுந்து நின்று, நல்லா சத்தமாக, அடைப்புக்குறி உட்பட, ஒரு எழுத்து விடாமல் வாசிப்பதாக நினைத்துப் பார்த்தான். தங்கை முகம் எப்படிப் போகும், அம்மாவின் பத்து நாள் பெருமை எங்கே போகும் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தான். இனித்தது.

அப்படிப் பார்த்துக்கொண்டு வரும்போதுதான் சபையில் பின்வரிசையில் இருக்கும் சஞ்சீவ் வீட்டுச் சொந்தக்காரர்கள் ஞாபகம் வந்தார்கள். அவர்கள் சிரிப்பார்கள். தங்கையைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். மகளுக்கு நாலு வரி எழுத வக்கில்லாத ஆள் என்று தனபாலைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பாயசம் நெஞ்சில் நின்றுவிட்டது. அப்பாவை அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் அவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? யாருக்கும் பங்கு கொடுக்காமல் வைத்திருந்த அப்பாவை ஊர்ச் சிரிப்புக்குக் கொடுக்க அவனுக்கு மனமில்லை. அது தங்கைமேல் வந்த இரக்கம் என்று அவன் தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்று நாள் சாயங்காலம் வாசிப்பகத்தில் தங்கி எழுதினான். அப்பா எழுதுவது போல எழுத வேண்டுமானால் அப்பாவை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து வைக்கும்போது சொத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது போல வலித்தது. இதைக் கொடுத்துவிட்டால் இது அவளுடையதாகிவிடுமே என்று இரண்டு இடத்தில் எழுதி அடித்தான். அடித்ததை மறுநாள் சேர்த்தான். பிறக்கும் முன் எழுதிய கடிதம் என்பதால், அவள் பிறந்த பிறகு நடந்த எதையும் சேர்க்க முடியாது. அந்த மட்டும் ஒன்று தப்பித்தது என்று ஆறுதல்பட்டான்.

கடைசியில் ஒரு வரியை யோசிக்காமலே சேர்த்துவிட்டான். சேர்த்தபின் அதை எடுக்கவும் மனம் வரவில்லை.

அச்சடித்த தாளையும் உறையையும் ரெஜினாவிடம் நீட்டினான். அவர் தாளைப் பார்க்காமல் உறையைத் திருப்பிக் கொடுத்தார். "முத்திரைப் பசை அந்த அலமாரியில இருக்கு. ஒட்டினது நான் இல்ல. நீயே ஒட்டிக்க."

வளைகாப்பு வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு. பன்னீர் தெளித்து, சந்தனம் பூசி, பிரகதியின் இரண்டு கையும் வளையலால் நிறைந்தபின் நிமலனை எழுப்பிவிட்டார்கள். உறையைக் கிழித்தான்.

"'பாப்பா, உனக்கு இன்னும் பேர் வெக்கல. நான் படிச்சவன் இல்ல. எனக்குத் தெரிஞ்சது மோட்டார்தான். மோட்டார் ஓடும்போது திருப்புளி நுனிய அதுமேல வெச்சு, பிடியக் காதுல வெச்சுக் கேட்டா, பேரிங் நல்லாருக்கா, போயிருச்சான்னு அதுவே சொல்லும். மனுசங்ககிட்டயும் அப்படித்தான், பேசறதுக்கு முன்னால கேட்டுக்கோ.'"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"'எனக்கு நாயின்னா பயம். ஸ்கூட்டர் டப்பாவுல பிஸ்கட் வெச்சிருக்கிறது பாசத்துல இல்ல, லஞ்சம். வெளிய சொல்லிராத. பாட்டுல எனக்கு ரெண்டாவது அடிதான் ஞாபகம் இருக்கும். நான் பாடினா மொத அடிய நீதான் எடுத்துக் குடுக்கணும்.'"

பின்வரிசையில் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு. சஞ்சீவின் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிமலன் படித்துக்கொண்டே போனான்.

"'உனக்கு ஒரு அண்ணன் இருக்கான். அவனுக்கு இப்படி எழுதி வெக்க முடியாமப் போச்சு. அது எனக்குப் பெரிய குறை. இப்படிக்கு, அப்பா.'"

"இதேதான்," என்று அம்மா தேம்பினாள். "இப்படியேதான் பேசுவாரு மனுசன். எம் பொண்ணு மேல எவ்வளவு ஆசை பாருங்க!"

எல்லோரும் பிரகதியைச் சூழ்ந்துகொண்டார்கள். தாளை யாரோ அவன் கையிலிருந்து வாங்கி அவள் மடியில் வைத்தார்கள். ஒவ்வொருவரும் குனிந்து படித்தார்கள். நிமலன் தூண் ஓரமாக நின்று பார்த்தான். அவனே எழுதிய கடிதம். அதன் மேலும் அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது பிரகதி கால் நீட்டிப் படுக்க உள்ளறைக்குப் போனாள். போகிற வழியில் கண்ணால் அவனைக் கூப்பிட்டாள். போனதும், "கதவச் சாத்துங்ணா" என்றாள்.

சாத்தினான்.

"'பொருந்தாததை அடிக்கவும்'ங்கிற எடம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது," என்றாள்.

நிமலன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே பெங்களூர்ல போய்ப் பாத்துட்டேன். ஆறு வருஷம் ஆச்சு. திரும்பி வர்றப்ப ஓசூர் தாண்டற வரைக்கும் பஸ்ல அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா எனக்கு ஏதோ காதல் தோல்வின்னு நெனச்சு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தாங்க."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து? எதுக்கு என்னையப் படிக்கச் சொன்ன?"

"நீங்க என்ன படிப்பீங்கன்னு பாக்கத்தான்." அவள் குரல் கடினமாக இருந்தது. "சிரிச்சுக்கிட்டே அதையே படிப்பீங்கன்னுதான் நெனச்சேன். படிச்சிருந்தா இன்னியோட உங்களுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். புள்ளைக்குக்கூட மாமன் இல்லன்னு சொல்லி வளக்கலாம்னு."

அவள் மடியில் இருந்த தாளை எடுத்தாள்.

"திருப்புளி நெசமா?"

"நெசம்."

"நாய், பிஸ்கட்?"

"நெசம்."

"பாட்டு?"

"எல்லாம் நெசம். ஒண்ணத் தவிர."

"அந்த ஒண்ணு எதுன்னு எனக்குத் தெரியும்." அவள் அவனைப் பார்க்காமல் தாளை மடித்தாள். "ஏனுங்ணா, உங்களுக்கு வெக்கமா இல்லையா? பதினோரு வருஷ அப்பா. பூரா நீங்களே வெச்சுக்கிட்டீங்க. நான் அஞ்சு வயசுல கேட்டேன், எட்டு வயசுல கேட்டேன். 'போட்டோவப் பாரு'ம்பீங்க. உங்க தட்டுல இருக்கறதப் பாத்துப் பாத்து நான் எவ்வளவு எரிஞ்சிருப்பேன் தெரியுமா? எனக்குள்ள இருந்தது வெறும் படிவம்!"

வெளியே யாரோ பாயசம் கேட்டுச் சத்தம் போட்டார்கள். அவளும் எரிந்திருப்பாள் என்று ஒரு நாளும் நிமலனுக்குத் தோன்றியதில்லை. அவனிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. தேதி இடித்ததால் கடிதத்தில் சேர்க்க முடியாமல் தப்பித்தது. அதைக் கொடுத்துவிட்டால் தன்னிடம் எதுவும் இருக்காது என்று இந்த நிமிடம் வரை நினைத்திருந்தான்.

"உன்னைய ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்த அன்னிக்கு," என்றான். "அப்பா பட்டறையில இருந்து ஓடி வந்தாரு. கையெல்லாம் கிரீஸ். தொடக் கூடாதுன்னு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டாரு. அப்படியே குனிஞ்சு, உன் நெஞ்சுல காத வெச்சாரு. இடது காது. வலது காது அவருக்குப் பட்டறைச் சத்தத்துல மந்தம். ரொம்ப நேரம் கேட்டாரு. அப்புறம் என்னையப் பாத்து, 'பேரிங் நல்லாருக்குடா'ன்னாரு."

பிரகதி தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் சோறு திங்கல. எனக்கு யாரு காது வெச்சுப் பாத்தாங்கன்னு."

"உங்களுக்கும் வெச்சிருப்பாருங்ணா. உங்களுக்கு ஞாபகம் எப்படி இருக்கும்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவன் எழுந்து மேசையிலிருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான். தனக்குள்ளே தேடிப் பார்த்தான். கிரீஸ் கை, குனிந்த முதுகு, எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

கதவைத் தட்டிக்கொண்டு சஞ்சீவ் வந்தான். "என்ன, அண்ணனும் தங்கச்சியும் ரகசியம்? அங்க பந்தி முடியப் போகுது."

"இங்க வாங்களேன்," என்று பிரகதி அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "நான் பொறந்து வீட்டுக்கு வந்த அன்னிக்கு எங்கப்பா என்ன பண்ணாரு தெரியுமா? கை பூரா கிரீஸ். தொடாம, கையப் பின்னால கட்டிக்கிட்டு, வலது காத எடுத்து என் நெஞ்சுல வெச்சு..."

பதினேழு வருடங்களாக ஒரு எழுத்துப் பிழையைக்கூட வெளியே விடாத நிமலன் திருத்துவதற்கு வாயெடுத்தான். பிறகு சொம்பை மேசையில் வைத்துவிட்டுப் பந்திக்குப் போனான். இடது காதை வைத்துக் கேட்டவர் அவனுடைய அப்பா. வலது காதை வைத்துக் கேட்டவர் அவளுடையவர்.